மூன்று கோளாறு, கீபோர்டில் ஒன்றுமில்லை: ஒரு மிடி நிகழ்வு ஆய்வு

"கீபோர்டை மாத்திடலாம்னு இருக்கேன், அதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை வந்து பாத்துடு" என்று நண்பன் கூப்பிட்டபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேபிள் தளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் பஃபர் (கணினி சத்தத்தைச் சேர்த்துச் சேர்த்து வெளியே அனுப்பும் துண்டின் அளவு) அதிகமாக வைத்திருப்பான், அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் போனேன். இரண்டு மாலைகள் போய்விட்டன. கடைசியில் பார்த்தால் கீபோர்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் குறை மூன்று இருந்தது, அதில் இரண்டு, முதல் குறையைத் தேடப் போய் அவனே உண்டாக்கியவை. இதை எழுதி வைப்பதற்கு அதுதான் காரணம், ஏனென்றால் இதே வேலையை நானும் என் அறையில் செய்திருக்கிறேன்.

புகார் என்ன

அமைப்பு எளிமையானது. 49 கீ உள்ள ஒரு மிடி கீபோர்டு (மிடி என்பது இசைக்கருவியும் கணினியும் நோட்டுச் செய்திகளைப் பரிமாறும் முறை), ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியின் சத்தத்தை ஹெட்ஃபோனுக்குக் கொண்டுவரும் பெட்டி), விண்டோஸ் மடிக்கணினி, ஒரு இசைத் தயாரிப்பு மென்பொருள், அதற்குள் ஒரு பியானோ பிளகின் (மென்பொருளுக்குள் ஓடும் துணை மென்பொருள்). ஹெட்ஃபோன் வயர் உள்ளது, இன்டர்ஃபேஸில் செருகியிருந்தது. இதைத்தான் முதலில் பார்த்தேன், ஏனென்றால் புளூடூத் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு "கீபோர்டு லேட்" என்று சொல்பவர்கள் உண்டு, அங்கே 100 மில்லிசெகண்டைத் தாண்டுவது சாதாரணம், அப்புறம் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

அவன் சொன்னது மூன்று. அழுத்தினால் சத்தம் தாமதமாக வருகிறது. பியானோ சத்தமே சரியில்லை, குழாய்க்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கிறது, மெதுவாக வாசித்தாலும் உரக்கக் கேட்கிறது. மூன்றாவது, சில நேரம் நோட்டுகள் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. இவற்றோடு ஒரு கொசுறு: "குவான்டைஸ் கூட ஒழுங்கா வேலை செய்யல, சில நோட்டு தப்பான இடத்துல போய் உக்காருது." குவான்டைஸ் என்றால், வாசித்த நோட்டுகளை மென்பொருளே பக்கத்துத் தாளக் கோட்டுக்கு நகர்த்துவது.

மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான், கீபோர்டு பழுது, என்பது அவன் முடிவு. நானும் முதலில் ஒரே காரணத்தைத்தான் தேடினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன், அதில் ஒரு மணி நேரம் வீண்.

இதுவரை என்னென்ன மாற்றினாய் என்று கேட்டேன். பஃபரை 512-இல் இருந்து 128-க்குக் குறைத்தது, டிரைவரைத் திரும்பப் போட்டது, கேபிள் மாற்றியது, பெடலின் (மிதித்தால் நோட்டை நீட்டிக்கும் கால்மிதி) அடியில் இருக்கும் சுவிட்சைத் தட்டிப் பார்த்தது என்று நான்கு சொன்னான். உண்மையில் ஏழு இருந்தன. மீதி மூன்றையும் அவன் மறந்தே போயிருந்தான்.

செய்தியா, சத்தமா

மிடி கீபோர்டு சத்தம் போடாது. தெரிந்த விஷயம்தான், ஆனால் கோளாறு வரும்போது எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஒவ்வொரு கீக்கும் அடியில் இரண்டு தொடுமுனைகள் இருக்கின்றன, முதலாவது தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பதை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக்கி, எந்த கீ என்ற எண்ணையும் சேர்த்து (நடு சி என்றால் 60) அனுப்பிவிடுகிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. அதன்பின் நடப்பதெல்லாம் கணினிக்குள். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, செய்தி ஒழுங்காக வந்ததா என்பது. வந்தது என்றால் கீபோர்டையும் கேபிளையும் விட்டுவிட்டு அடுத்த பாதியைப் பார்க்கலாம்.

செய்தியைக் கண்ணால் பார்க்க மிடி மானிட்டர் வேண்டும். விண்டோஸில் மிடி ஆக்ஸ் என்று ஒரு பழைய இலவச மென்பொருள் உண்டு, பார்க்க அழகாக இருக்காது, வேலை செய்யும். ஒரு சிக்கல்: விண்டோஸின் பழைய மிடி முறையில் பல டிரைவர்கள் ஒரு போர்ட்டை ஒரே நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் கொடுக்கும். இசை மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டே மானிட்டரையும் திறந்தால் போர்ட் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்துவிடும், அதைப் பார்த்து டிரைவர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முதலில் அதை மூடிவிட்டு மானிட்டரை மட்டும் திறந்தேன், வருகிற போர்ட் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன், நடு சியை ஒரே ஒரு முறை அழுத்தினேன்.

இரண்டு வரிகள் வந்தன.

அழுத்தியது ஒரு முறை, நோட் ஆன் (கீ அழுத்தப்பட்டது என்ற செய்தி) இரண்டு. எண் 60, வேகம் 71, சேனல் 1, எல்லாம் அச்சு அசல் ஒன்று, போர்ட் பெயர் மட்டும் வேறு. ஒன்று கீபோர்டின் யுஎஸ்பி போர்ட், மற்றது ஆடியோ இன்டர்ஃபேஸின் மிடி போர்ட். மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், கீபோர்டின் ஐந்து முள் மிடி அவுட்டில் இருந்து இன்டர்ஃபேஸின் மிடி இன்னுக்கு ஒரு கேபிள் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. "அது ஒரு மாசம் முன்னாடி, யுஎஸ்பி மேல சந்தேகம் வந்தப்ப டெஸ்ட் பண்ணினது" என்றான். அதிலும் தாமதம் இருந்ததால் யுஎஸ்பிக்குத் திரும்பிவிட்டான், இந்தக் கேபிளைக் கழற்றவில்லை. மென்பொருளில் டிராக்கின் உள்ளீடு "எல்லா மிடி உள்ளீடுகளும்" என்று இருந்தது, பல மென்பொருள்களில் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு விரலும் இரண்டு விரலாகிவிட்டது.

இது எப்படிக் கேட்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு நோட் என்று காதுக்குத் தெரியவே தெரியாது. 1983 ஜனவரியில் NAMM என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் புராஃபட்-600, ஜூபிட்டர்-6 என்ற இரண்டு சின்தசைசர்களை இணைத்து மிடியைக் காட்டினார்கள், அப்போது வைத்த வேகமான நொடிக்கு 31,250 பிட்தான் ஐந்து முள் கேபிளில் இன்றும். ஒரு பைட்டுக்கு 10 பிட், ஒரு நோட் ஆனுக்கு மூன்று பைட், ஆகவே ஒரு நோட் போய்ச் சேரவே ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் ஆகும். நான்கு விரல் கார்டு என்றால் கடைசி நோட் சில மில்லிசெகண்ட் கழித்துத்தான் வரும். யுஎஸ்பி வழி வந்த நோட் முந்திக்கொள்ளும், மற்றது பின்னாலேயே வரும். ஒரே பியானோ சத்தம் 2 மில்லிசெகண்ட் இடைவெளியில் இரண்டு முறை ஒலித்தால் 250 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும் (அந்த அதிர்வெண் அமுங்கிப் போகும்), 750-இல் இன்னொன்று, 1250-இல் இன்னொன்று என்று சீப்பின் பல் மாதிரி வெட்டிக்கொண்டே போகும். இடைவெளி நோட்டுக்கு நோட்டு மாறுவதால் பள்ளமும் இடம் மாறும். குழாய்க்குள் இருந்து வருகிற சத்தம் என்று அவன் சொன்னது இதைத்தான். பள்ளம் விழாத இடங்களில் இரண்டும் சேர்ந்து 6 டெசிபல் வரை ஏறும், உரக்கக் கேட்டதற்குக் காரணம் அது.

உரக்கக் கேட்டதால் அவன் கீபோர்டின் வேக வளைவை (அழுத்தும் வேகத்தை எண்ணாக்கும் விதம்) "கடினம்" என்று மாற்றி வைத்திருந்தான், மறந்துபோன மூன்றில் இது ஒன்று. கேபிளைக் கழற்றியதும் பியானோ சத்தம் தெளிந்தது, ஆனால் உயிரே இல்லாமல் மெலிந்து போனது. வளைவைப் பழையபடி வைத்ததும்தான் சரியானது.

தாமதம்

இரட்டை நோட் போனதும் தாமதமும் போய்விடும் என்று நினைத்தோம். போகவில்லை, அதே பாட்டைத் திறந்து வாசித்தால் அதே இழுவை.

எனக்கு உறுத்தியது அவன் சொன்ன ஒரு விஷயம்: பஃபரை 512-இல் இருந்து 128-க்குக் குறைத்தும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நொடிக்கு 44,100 சாம்பிளில் (ஒலியின் ஓர் அளவீடு ஒரு சாம்பிள்) 512 என்றால் 11.6 மில்லிசெகண்ட், 128 என்றால் 2.9. மிடி கீபோர்டு வாசிக்கும்போது ஆடியோ உள்ளே வருவதில்லை, வெளியே மட்டும்தான் போகிறது, ஆகவே வெளியீட்டுப் பக்கத்தின் தாமதம் மட்டுமே கணக்கு, மென்பொருள் காட்டும் போய்வரும் மொத்தத் தாமதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 9 மில்லிசெகண்ட் குறைந்தும் காதுக்குத் தெரியவில்லை என்றால், மொத்தத் தாமதத்தில் பஃபரின் பங்கே சின்னது, பெரும்பகுதி வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அவன் இதை "இன்னும் குறைக்கணும்" என்று புரிந்துகொண்டு 64 வரை போயிருக்கிறான். சத்தம் கரகரத்ததும் மடிக்கணினிக்கே தெம்பு போதவில்லை என்று ஒரு முடிவு.

அளந்து பார்த்துவிடலாம் என்று கைபேசியை கீபோர்டின் மேல் வைத்து, ஹெட்ஃபோனையும் அதன் பக்கத்திலேயே வைத்து, குரல் பதிவை ஓடவிட்டு, ஒரு கீயைச் சத்தம் வரும்படி தட்டினேன். கீ பலகையில் முட்டும் "டக்" முதலில் பதிவாகும், ஹெட்ஃபோனில் வரும் பியானோ பிறகு பதிவாகும். அந்தப் பதிவை மென்பொருளில் போட்டுப் பெரிதாக்கி, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு என்று பார்த்தால் போதும். மில்லிசெகண்ட் துல்லியத்துக்கு இது அறிவியல் இல்லை, ஆனால் 10-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தாராளமாகப் போதும்.

பாட்டுக் கோப்பில் 61. ஒன்றுமில்லாத புதிய கோப்பைத் திறந்து, அதே பியானோ பிளகின், அதே பஃபர், அளந்தால் 10.

அதே கீபோர்டு, அதே கேபிள், அதே கணினி. ஆகவே இவை மூன்றும் விசாரணையில் இருந்து விடுதலை. இடையில் இருக்கும் 51 மில்லிசெகண்ட் அந்தப் பாட்டுக் கோப்புக்குள்தான் எங்கோ இருக்கிறது. சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும், 10 மில்லிசெகண்ட் என்றால் ஸ்பீக்கரை மூன்றரை மீட்டர் தள்ளி வைத்து வாசிப்பது போல, அது பெரும்பாலும் யாருக்கும் உறுத்தாது. 61 என்றால் இருபது மீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஸ்பீக்கர். அதை வைத்துக்கொண்டு தாளத்தோடு வாசிக்கச் சொன்னால் யாரால் முடியும்?

எல்லா டிராக்கும் சேர்ந்து வெளியே போகும் மாஸ்டர் சேனலைத் திறந்தேன். பாட்டு பாதிதான் முடிந்திருந்தது, ஆனால் அதற்குள் ஒரு லீனியர் ஃபேஸ் ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் பிளகின்), அதன் கீழே முன்னோக்கிப் பார்க்கும் லிமிட்டர் (சத்தம் எல்லை மீறாமல் பிடிக்கும் பிளகின்). இவை வேலை செய்ய, வரப்போகும் சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வெளியே விடும். ஈக்யூ கேட்டது 2048 சாம்பிள், அதாவது 46.4 மில்லிசெகண்ட், லிமிட்டர் கேட்டது 5. கூட்டினால் 51.4. மாஸ்டரில் இருப்பதால் நேரடியாக வாசிக்கும் பியானோவும் அந்த வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். மிக்ஸ் செய்யும்போது இதில் ஒரு தப்பும் இல்லை, மென்பொருள் எல்லா டிராக்கையும் சமமாகத் தள்ளிவிடும், யாருக்கும் தெரியாது. வாசிக்கும்போதுதான் தெரியும்.

இதில் அவனை ஏமாற்றியது, பிளகினைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் பைபாஸ் பட்டன். பிளகின் மேல் சந்தேகம் அவனுக்கும் வந்திருக்கிறது, இரண்டையும் பைபாஸ் செய்து வாசித்துப் பார்த்திருக்கிறான், தாமதம் அப்படியே இருந்ததால் காரணம் இவை இல்லை என்று விட்டுவிட்டான். பல மென்பொருள்களில் பைபாஸ் செய்தால் சத்தத்தில் மாற்றம் மட்டும்தான் நிற்கும், தாமதம் ஒதுக்கிவைத்தபடியே இருக்கும், இல்லாவிட்டால் பாட்டு ஓடும்போது ஒவ்வொரு தடவையும் எல்லா டிராக்கும் குதிக்கும். பிளகினை முழுதாக அணைக்க வேண்டும், சிலவற்றில் எடுத்தே விட வேண்டும். எடுத்துவிட்டு அளந்தேன்: 10.

குவான்டைஸ் புகாரும் இங்கேயே அவிழ்ந்தது. அவன் கை, சத்தம் தாளத்தோடு சேர வேண்டும் என்பதற்காகத் தானாகவே முந்தி அழுத்தப் பழகிவிட்டிருந்தது. அவன் மென்பொருள், காதில் விழும் தாளத்தை வைத்து நோட்டின் இடத்தைக் கணக்கிடும் அமைப்பில் இருந்தது, எல்லா மென்பொருளும் இப்படிச் செய்வதில்லை. பியானோ ரோலில் (பதிவான நோட்டுகளைத் தாளக் கோடுகளின் மேல் காட்டும் திரை) அவன் வாசித்த நோட்டுகள் எல்லாமே கோட்டுக்கு 40 முதல் 55 மில்லிசெகண்ட் முன்னால், அங்கங்கே ஒன்றிரண்டு 65-ஐயும் தாண்டி. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு. பதினாறில் ஒரு பங்கு நோட் என்றால் 125 மில்லிசெகண்ட், அதில் பாதி 62.5. அதற்குள் முந்திய நோட்டைக் குவான்டைஸ் சரியான கோட்டுக்கு இழுத்துவிடும், 65 முந்தியதை முந்தைய கோட்டில் கொண்டுபோய் உட்கார வைக்கும். குவான்டைஸ் சொன்ன வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது, பாவம்.

இனி என்ன செய்வது என்பதற்கு வழிகள் உண்டு. இசை மென்பொருள்களான லாஜிக்கில் லோ லேட்டன்சி மோட், கியூபேஸில் கன்ஸ்ட்ரெய்ன் டிலே காம்பென்சேஷன் என்று இதற்கென்றே பட்டன்கள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது பழைய வழி: இதுவரையான பாட்டை ஒரே ஸ்டீரியோ கோப்பாக ஏற்றுமதி செய்து, காலிக் கோப்பில் போட்டு, அதன்மேல் வாசித்து, மிடியை மட்டும் பெரிய கோப்புக்குக் கொண்டுபோவது. கூடுதல் வேலைதான். ஆனால் வாசிக்கும்போது மிக்ஸைத் தொட ஆசை வராது, அந்த ஒரு காரணத்துக்காகவே செய்யலாம்.

நிற்காத நோட்

இது இரண்டாம் மாலை. நோட் தொங்கினால் முதலில் பெடலைச் சந்தேகப்படுவோம். பெடல்களில் இரண்டு வகை, மிதித்தால் சுற்று மூடுவது, மிதித்தால் திறப்பது. பல கீபோர்டுகள் மின்சாரம் வரும்போது பெடல் இருக்கும் நிலையைப் பார்த்து "இதுதான் மிதிக்காத நிலை" என்று எடுத்துக்கொள்ளும், ஆகவே காலை வைத்துக்கொண்டே ஆன் செய்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். அவன் பெடலின் சுவிட்சைத் தட்டிப் பார்த்ததும் இந்தச் சந்தேகத்தில்தான். மானிட்டரில் பார்த்தேன்: மிதித்தால் 64-ஆம் கன்ட்ரோலருக்கு (மிடியில் பெடலுக்கான எண்) 127, விட்டால் 0. கச்சிதம். செய்தி சரியாக வருகிறது, கீபோர்டு மறுபடி விடுதலை.

அப்புறம்தான் கேட்டேன், எப்போது தொங்குகிறது? "எப்பவும் இல்ல, பாட்டை ஓட விட்டு வாசிக்கும்போதுதான்." ஓடவிட்டோம். 33-ஆம் பாரை (பார் என்பது ஒரு தாளச் சுற்று) தாண்டும் வரை ஒன்றுமில்லை, தாண்டியதும் அழுத்திய நோட் எதுவும் நிற்கவில்லை. அந்த இடத்தில் பியானோ ரோலில் ஒரு நோட்டும் இல்லை. கீழே கன்ட்ரோலர் பட்டையைத் திறந்து 64-ஐத் தேர்ந்தெடுத்தால், 33-ஆம் பாரில் ஒரே ஒரு 127, அதன்பின் பாட்டு முடியும் வரை 0 வரவே இல்லை.

நடந்தது இதுதான். தாமதத்தைச் சோதிக்க அங்கே பெடலை மிதித்துக்கொண்டு நீளமான கார்டுகளைப் பதிவு செய்திருக்கிறான், மிதித்தபடியே பதிவை நிறுத்தியிருக்கிறான், பிறகு நோட்டுகளை எல்லாம் தேர்ந்தெடுத்து அழித்திருக்கிறான். நோட்டுகள் போயின, பெடல் செய்தி போகவில்லை. பாட்டு அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கால் பெடலை மிதித்துவிட்டு எடுக்காமல் போய்க்கொண்டிருந்தது.

எல்லா நோட்டையும் நிறுத்தும் பட்டனையும் அவன் அழுத்திப் பார்த்திருக்கிறான், பலன் இல்லை. அதுவும் விதிப்படிதான். 123-ஆம் கன்ட்ரோலர் என்பது எல்லா கீயில் இருந்தும் கையை எடுத்த மாதிரி, பெடலில் இருந்து காலை எடுத்த மாதிரி இல்லை, பெடல் மிதித்திருந்தால் நோட் ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். 120 அனுப்பினால் சத்தம் உடனே அறுபடும், ஆனால் பெடல் இன்னும் கீழேயே இருப்பதால் அடுத்த நோட் மறுபடி தொங்கும். வேண்டியது 64-க்கு ஒரு 0, அல்லது எல்லாக் கன்ட்ரோலரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் 121. நான் அந்த 127-ஐயே அழித்துவிட்டேன், இரண்டு நொடி வேலை.

மிச்சம்

கண்டுபிடிப்பதைவிடச் சுத்தம் செய்வதுதான் அதிக நேரம் எடுத்தது. ஒரு மாதமாகப் பதிவு செய்ததெல்லாம் இரட்டை நோட். பியானோ ரோலில் ஒரு நோட்டாகத்தான் தெரியும், பிடித்து நகர்த்தினால் அடியில் இன்னொன்று இருக்கும். இரட்டை நோட்டை நீக்கும் கட்டளை மென்பொருளில் உண்டு, ஆனால் அது ஒரே இடத்தில் இருப்பவற்றைத்தான் பிடித்தது, ஓரிரு மில்லிசெகண்ட் தள்ளி இருப்பவை தப்பித்தன. குவான்டைஸ் செய்துவிட்டு நீக்கினால் பிடிபடும், கூடவே அவன் வாசிப்பின் நெளிவும் போய்விடும். இரண்டு போர்ட்டும் வேறு வேறு சேனலில் வந்திருந்தால் ஒரு சேனலை மொத்தமாக அழித்திருக்கலாம், இரண்டுமே 1. கடைசியில் பேட் (பின்னணியில் நீளமாக ஒலிக்கும் கார்டுகள்), பேஸ் எல்லாவற்றையும் திரும்ப வாசிப்பது, இடையிசையில் வரும் பியானோவை மட்டும் நிகழ்வுப் பட்டியலைத் திறந்து கையால் களையெடுப்பது என்று முடிவு செய்தோம். அந்த பியானோவை அப்படியே 48 மில்லிசெகண்ட் பின்னால் தள்ளினோம், அவன் முந்தியதன் சராசரி அது. கோட்டில் எதுவும் கச்சிதமாக உட்காரவில்லை, கேட்க நன்றாக இருந்தது, விட்டுவிட்டோம்.

எல்லாம் முடிந்து பேட் டிராக்கைத் திரும்பப் பதிவு செய்ய உட்கார்ந்தான். தாமதம் 10, ஒரே நோட், பெடல் சரி. வாசித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான், முகம் சரியில்லை. பியானோ ரோலைப் பார்த்தால் எல்லா நோட்டும் 25 மில்லிசெகண்ட் முன்னால். இத்தனை நாள் இருபது மீட்டருக்கு அப்பால் இருந்த ஸ்பீக்கருக்காக ஓடிய கை, ஸ்பீக்கர் பக்கத்தில் வந்துவிட்டது என்று இன்னும் நம்பவில்லை.

"இப்ப என்னன்னா," என்றான், "கீபோர்டு கொஞ்சம் வேகமா இருக்கோ?"